உயிரோடு வராத குருவி

பார்லர்க்காரி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்னாள். அதுவும் ஓர் அரசாங்க அலுவலகத்தில், வேலை நேரத்தில், கவுன்டருக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது சொன்னாள். அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் அலுவலகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர்கள் விதிப்படிதான் அடித்தார்கள்.

கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போன அக்காவின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போனவள், கொழுந்தனோடு கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் அவளுடைய பெட்டி கீச்சென்றது. தலைமுடியைச் சுருட்டுகிற பிளாஸ்டிக் ரோலர்கள் இருக்கும் பெட்டி. ரோலர் கீச்சிட்டு அவள் கேட்டதில்லை. கப்பலின் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு திறந்தாள்.

ஒவ்வொரு ரோலருக்குள்ளும் ஒரு ஃபின்ச் குருவி. இரண்டு முனையிலும் வலைத்துணி வைத்துக் கட்டியிருந்தது. சிறகை விரிக்க முடியாது, திரும்ப முடியாது, மூச்சு மட்டும் விடலாம். சிலது அதையும் விட்டாயிற்று. உயிரோடு இருந்தவை வலைத்துணி வழியாக அலகை நீட்டிக்கொண்டிருந்தன. அவள் குழாயைத் திறந்தாள். விரலை நனைத்து ஒவ்வொரு அலகிலும் ஒரு சொட்டு வைத்தாள். ஒன்று அவள் விரலையே கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது.

மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த கொழுந்தனிடம் போனாள்.

"என்ன தம்பி இது?"

"மெதுவா அண்ணி. எல்லாம் காட்டுல புடிச்சது. கூண்டுல பொறந்தது கடனேன்னு பாடும். காட்டுக் குருவி பக்கத்துக் கூண்டுக்காரனைக் கொல்றேன்னு பாடும். பாட்டுப் பந்தயத்துல அதுக்குத்தான் மவுசு."

"பாதி செத்துக் கிடக்குடா."

"பாதி சாகும், பாதி பாடும். அப்படித்தான் அண்ணி இந்தத் தொழில். முன்னெல்லாம் கூடை கூடையா வந்து தெருவுல சீரழிஞ்சுது. புண்ணியவானுங்க தடை போட்டாங்க. தடை போட்ட அன்னிக்குத்தான் எனக்கு விடிஞ்சுது."

கப்பல் கரை சேர்ந்ததும் கொழுந்தன் எதுவும் தெரியாதவன்போல் கையை வீசிக்கொண்டு முன்னால் போய்விட்டான். பெட்டி அண்ணியோடு வரும், அண்ணியை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்பது அவன் தைரியம். பார்லர்க்காரி வாசலை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் திரும்பினாள். அங்கே ஒரு பெரிய பலகை இருந்தது. பிறநாட்டுக் காட்டுப் பறவைகள் இறக்குமதித் தடை மற்றும் பாதுகாப்பு அலுவலகம். மேலே, இரண்டு கைகள் ஒரு பறவையை ஏந்தியிருக்கும் படம். வரைந்தவர் கோழிக்குஞ்சைத் தவிர வேறு பறவையைப் பார்த்திராதவர். இருந்தாலும் அந்தக் கைகள் பார்க்க நல்ல கைகளாக இருந்தன. அவள் நம்பினாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏதாவது ஒரு படத்தைப் பார்த்து நம்புகிறார்கள்.

"ஐயா, இதுக்குள்ள குருவி இருக்கு. உயிரோட இருக்கு. எனக்குத் தெரியாம வச்சுட்டாங்க. தண்ணியில்லாம தவிக்குது, வாங்கிக்குங்க."

கவுன்டர் அதிகாரி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கையை நீட்டாதீங்கம்மா. நீங்க நீட்டி நான் வாங்கினா அதுக்குப் பேரு இறக்குமதி. வாங்கினது யாருன்னு கேட்டா என்னைக் காட்டுவாங்க. நான் புள்ளகுட்டிக்காரன்."

"வாங்க வேணாம். இங்க வச்சுட்டுப் போறேன்."

"வச்சா, வச்ச இடம் அரசாங்க மேஜை. அரசாங்கமே இறக்குமதி பண்ணின மாதிரி ஆயிடும். அது இன்னும் மோசம்."

"அப்ப இதை என்னதாங்க பண்றது?"

"நாங்க பறிமுதல் பண்ணலாம். அதுக்கு விதி இருக்கு."

"சரி, பண்ணிக்குங்க." பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அதிகாரிக்கு எரிச்சல் வந்தது. படிக்காத ஜனங்களிடம் சட்டத்தை விளக்குவது குருவி தலையில் பனங்காய் வைக்கிற வேலை என்று அவருடைய முகம் சொன்னது.

"நீங்களே தள்ளிவிட்டா அது எப்படிம்மா பறிமுதல்? நீங்க குடுக்க மாட்டேன்னு சொல்லணும். ஓடணும். நாங்க துரத்தணும். பலப்பிரயோகம் நடக்கணும். அது இல்லாம வந்த குருவியை மேல யாரும் ஏத்துக்க மாட்டாங்க. அதோ தரையில போட்டிருக்கற மஞ்சக் கோட்டுல போய் நில்லுங்க."

மீசைக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற காவலர் மூலையிலிருந்து எழுந்து வந்தார். கையில் தடி. முகத்தில், சாப்பாட்டு நேரத்தில் எழுப்பப்பட்டவரின் சலிப்பு. அவள் காதருகே வந்து பேசினார்.

"அக்கா, செருப்பைக் கழட்டிட்டு ஓடுங்க. தரை வழுக்கும். கதவு வரைக்கும் போனாப் போதும். தோள்ல போடட்டுமா, முதுகுல போடட்டுமா?"

"எதுக்குங்க அடிக்கணும்?"

"குருவியைக் காப்பாத்தத்தான்," என்றார் மீசைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். முதல் அடி தோளில் விழுந்தது. இது விளையாட்டுக்கு என்று அதுவரை எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தாள். விளையாட்டு இல்லை. கண்ணில் பூச்சி பறந்தது. பெட்டியின் மூடி திறந்து ஒரு ரோலர் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தாள்.

"நிறுத்து," என்றார் கவுன்டர் அதிகாரி. "ஓடற ஆளு குனிஞ்சு பொறுக்குவாங்களாம்மா? இதை யாரு நம்புவாங்க? மறுபடியும் மஞ்சக் கோட்டுலேருந்து வாங்க."

மறுபடியும் ஓடினாள். இந்தத் தடவை உள்ளேயிருந்து இன்னும் சில காவலர்கள் ஆர்வத்தோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். பலப்பிரயோகம் என்பது கூட்டமாகச் செய்யும்போதுதான் களை கட்டும். முதுகில் விழுந்தது, முழங்காலில் விழுந்தது, பெட்டியைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டில் விழுந்தபோது உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பெட்டி விழுந்து ரோலர்கள் தரை முழுக்கச் சிதறின. பூட்ஸ் கால்கள் அவற்றின் மேல் ஏறின.

"கீழ பார்த்து மிதிங்கடா, பாவிங்களா," என்று அலறினாள். "உயிருடா அது."

யாரும் கீழே பார்க்கவில்லை. எல்லோரும் குருவிகளைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தார்கள். பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தத்தோடு இன்னொரு சத்தமும் வந்தது. அதை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"நல்ல பறிமுதல்," என்றார் கவுன்டர் அதிகாரி. "இப்ப உள்ள கொண்டு போங்க."

உள்ளே ஒரு கூடம். நாலு பக்கமும் கண்ணாடி ஜன்னல், நன்றாகத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். அங்கேதான் குருவிகளைப் பரிசோதிக்கிற நிபுணர் இருந்தார். தலையில் ஹெல்மெட், கையில் ஒரு தகரத் தட்டு, இன்னொரு கையில் இரும்புக் கரண்டி. அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வலது கை வீங்கிக்கொண்டிருந்தது. அதை மடியில் வேறு யாருடைய கையோ போல வைத்துக்கொண்டாள்.

"தடை காட்டுல புடிச்ச குருவிக்கு மட்டும்தான்மா," என்று நிபுணர் அன்பாக விளக்கினார். "கூண்டுல பொறந்த குருவின்னா தாராளமா கொண்டு வரலாம். நீங்க குற்றவாளியே இல்லை. அதனால பரிசோதனை முக்கியம். காட்டுக் குருவி மனுஷனைக் கண்டா மிரளும். கூண்டுக் குருவி மிரளாது. அறிவியல்."

தப்பிப் பிழைத்த ரோலர்களின் வலைத்துணியைக் கிழித்துக் குருவிகளை ஒவ்வொன்றாக வெளியே விட்டார்கள். நிபுணர் தட்டைத் தூக்கி, குருவியின் காதருகே வைத்து, கரண்டியால் ஓங்கி அடித்தார். குருவி எதிரே தெரிந்த வானத்தை நம்பிப் பாய்ந்தது. வானம் கண்ணாடியாக இருந்தது. கீழே விழுந்தது.

"காடு," என்றார் நிபுணர். துப்புரவுக்காரர் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினார்.

அடுத்தது. டமார். கண்ணாடி. "காடு."

"ஐயா, இந்த அடி அடிச்சா யானைகூட மிரளுமே," என்றாள் பார்லர்க்காரி.

"அப்ப யானையும் காட்டு மிருகம்தானேம்மா," என்றார் நிபுணர்.

கண்ணாடியில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் விழுந்துகொண்டே வந்தன. எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள். மீசைக்காரர் வருத்தத்தோடு ஓர் அடி போட்டு உட்கார வைத்தார். குருவிகளின் நலனுக்கு இடையூறு செய்யக் கூடாது.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. நெற்றியில் கறுப்பு, வயிற்றில் பழுப்பு, வாலில் பாதி இறகு இல்லை. நிபுணர் தட்டை அடித்தார். அது பறக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தது. காது செவிடாகிவிட்டதோ, சிறகு மரத்துவிட்டதோ, இல்லை இவ்வளவையும் பார்த்தபின் இனி மிரளுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்ததோ, தெரியாது. பறந்து வந்து அந்தத் தட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது.

நிபுணர் தொண்டையைக் கனைத்தார்.

"கூண்டு," என்றார்.

கவுன்டர் அதிகாரி கூடத்துக்குள் பாய்ந்து வந்தார். "என்னய்யா சொல்றே? செத்தது கணக்குல வராது, இருக்கறது கூண்டுக் குருவின்னா இந்தம்மா நிரபராதி. நிரபராதியையா நான் இவ்வளவு நேரம் அடிச்சேன்? என் பறிமுதலை அசிங்கப்படுத்தறியா?"

"அறிவியல் அப்படித்தான் சொல்லுது."

"காடுன்னு சொல்லு."

"பொய் சொல்ல மாட்டேன்."

அந்த அலுவலகத்தில் மனசாட்சிக்காக ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை. அதற்கு உடனே பலனும் கிடைத்தது. கவுன்டர் அதிகாரி விட்ட குத்தில் நிபுணரின் மூக்கு ஒரு பக்கம் போனது. நிபுணர் கரண்டியால் திருப்பிக் கொடுத்தார். பறிமுதல் பிரிவும் பரிசோதனைப் பிரிவும் ஏற்கெனவே மின்விசிறி விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவை. நாற்காலிகள் பறந்தன. ஒருவர் பல்லைத் துப்பினார். துப்புரவுக்காரர் எதைக் கூட்டுவது என்று தெரியாமல் துடைப்பத்தோடு ஒதுங்கி நின்றார்.

அந்த அமளியில் குருவி பார்லர்க்காரியின் காலடியில் வந்து விழுந்தது. அவள் யோசிக்கவில்லை. மிதிபடாமல் கிடந்த ஒரு ரோலரை இடது கையால் எடுத்துக் குருவியை உள்ளே விட்டாள். பின்னங்கழுத்து முடியை அதன் மேல் சுற்றி, கொண்டை ஊசியைப் பல்லால் விரித்துச் செருகினாள். வேறு எந்தப் பெண்ணுக்கும் ஒற்றைக் கையால் அது வராது. அவளுக்கு அது தினப்படி வேலை. மேலே சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பிடரியில் ஒரு சின்ன இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுத் தலைமை அதிகாரி வந்தார். எல்லோரும் இருந்த இடத்திலேயே ரத்தம் வழிய விறைப்பாக நின்றார்கள்.

"எங்க அந்தக் கடைசிக் குருவி?"

யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. "செத்துருச்சுங்க ஐயா," என்றார் கவுன்டர் அதிகாரி. "செத்துருச்சுங்க," என்றார் நிபுணர், மூக்கைப் பொத்திக்கொண்டு. இரண்டு பிரிவுகளும் ஒத்துப்போனதைப் பார்த்துத் தலைமை அதிகாரிக்குக் கண் கலங்கியது. பேசாமல் இருக்க முடியவில்லை.

"நண்பர்களே, இந்தத் தடை வந்த நாள்லேருந்து, ஒரே ஒரு காட்டுக் குருவிகூட உயிரோட இந்த வாசலைத் தாண்டி ஊருக்குள்ள போனதில்லை. போனதில்லை. இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? வியாபாரிங்க கொண்டு வந்தாங்க. வழியிலயே பாதியைக் கொன்னாங்க. பாதியைக் கொல்றவன் கொலைகாரன். நாம அரசாங்கம். நாம எந்த வேலையையும் பாதியில விடறதில்லை."

கைதட்டல் எழுந்தது. கை உடையாதவர்கள் எல்லோரும் தட்டினார்கள்.

"குருவிகளுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன்," என்று குப்பைக் கூடையைப் பார்த்துத் திரும்பினார். "உங்க மேல எங்களுக்கு எவ்வளவு பாசம்னு நீங்க இப்பப் புரிஞ்சிருப்பீங்க."

அந்த நேரம் பார்த்து அது பாடியது. பார்லர்க்காரியின் பிடரியிலிருந்து, தலைப்புக்குள்ளிருந்து, கணீரென்று, பக்கத்துக் கூண்டுக்காரனைக் கொல்கிறேன் என்பது போன்ற ஒரு பாட்டு. அவளுக்கு உயிரே போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைமை அதிகாரி குப்பைக் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யாருக்காவது ஏதாவது கேட்டுச்சா?"

கேட்டது என்றால் குருவி உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருந்தால் இரண்டு பிரிவுகளும் சொன்னது பொய். ஐயா பேசிய பேச்சும் பொய். அங்கே எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்கள்தான் எல்லோரும்.

"ஒண்ணும் கேக்கலைங்க ஐயா."

அது இன்னும் உரக்கப் பாடியது.

"எனக்கும் கேக்கலை," என்றார் தலைமை அதிகாரி. நெற்றி வேர்த்திருந்தது. "இந்தம்மாவை வெளிய அனுப்புங்க. செத்த குருவியைக் கொண்டு வர எந்தத் தடையும் இல்லை. இவங்க மேல ஒரு குத்தமும் கிடையாது."

"என் கை உடைஞ்சிருக்குங்களே," என்றாள்.

"குத்தம் இல்லாதவங்களை நாங்க அடிக்கறதில்லைம்மா," என்றார். "அதனால உடைஞ்சிருக்காது."

வெளியே வெயில். வாசலுக்கு வெளியே கொழுந்தன் காத்திருந்தான். அண்ணியின் முகத்தையோ கையையோ அவன் பார்க்கவில்லை.

"பெட்டி எங்க அண்ணி?"

அவள் தலைப்பை விலக்கி, ஊசியை உருவினாள். ரோலர் அவிழ்ந்தது. கொழுந்தன் கண்ணில் மின்னல் வெட்டியது. "ஒண்ணு தப்பிச்சுதா? ஒண்ணு போதும் அண்ணி, குடுங்க," என்று பாய்ந்து பிடித்தான். அவள் அந்தக் கையைக் கடித்தாள். இதுவரை வாங்கிய அடிக்கெல்லாம் சேர்த்து, பல்லில் எலும்பு தட்டும்வரை கடித்தாள். அவன் ஊளையிட்டுக்கொண்டு விட்டான். குருவி எழும்பிப் போய்த் தெருவிளக்குக் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்தது. பாதி வாலை ஆட்டிக்கொண்டு பாடத் தொடங்கியது.

காவலர்கள் துப்பாக்கியோடு ஓடி வந்தார்கள். தலைமை அதிகாரி மாடி ஜன்னலிலிருந்து தடுத்தார். இல்லாத குருவியைச் சுட முடியாது. சுட்டால், எதைச் சுட்டீர்கள் என்று மேலிடத்தில் கேட்பார்கள். வேறு வழி இருந்தது. உத்தரவு சுருக்கமாக வந்தது: அண்ணாந்து பார்க்கிறவர்களை அடி.

அப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன் கொழுந்தன். முன்பற்களைத் தெருவில் விட்டுவிட்டுப் போனான். பஸ்ஸுக்கு நின்ற ஒரு தம்பதி, யாரோ பாடுகிறார்களே என்று நிமிர்ந்தார்கள். மண்டை உடைந்தது. கழுத்துப் பட்டை போட்டிருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தன்னால் குனிய முடியாது என்று மருத்துவர் பெயரைச் சொல்லி மன்றாடினார். பட்டையோடு சேர்த்துக் குனிய வைத்தார்கள். சில நாட்களிலேயே அந்தத் தெரு பழகிக்கொண்டது. எல்லோரும் தரையைப் பார்த்து நடந்தார்கள். ஒருவரையொருவர் செருப்பை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்கள். மேலே அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், பாடுகிற பூசணிக்காயை எப்படி மறைப்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நினைத்தவர்கள் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார்கள்.

பார்லர்க்காரி கையில் மாவுக்கட்டோடு வந்தாள். பார்லர் பூட்டிக் கிடந்தது. ஒற்றைக் கையால் எத்தனை தலை சீவுவது? கம்பத்தடியில் தானியத்தைத் தூவினாள். தூவியபின் நிமிர்ந்து, வெயிலுக்கு உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மேலே தேடினாள்.

மீசைக்காரர் ஓடி வந்தார். அலுவலகத்து மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் தலைமை அதிகாரி நின்றார்.

"அக்கா, கீழ பாருங்கக்கா. கையெடுத்துக் கும்பிடறேன். இப்பதான் ஒரு கை உடைஞ்சு கட்டுல இருக்கு."

"கீழ பார்த்தா அது நல்லா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"நல்லா இருக்குக்கா. பாடுது பாருங்க."

சொன்னபின்தான் அவருக்கு, தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் வெளுத்தது. மாடியில் ஜன்னல் கதவு திறந்துகொண்டது.

"என்னய்யா பேசிட்டிருக்கே?" என்று குரல் வந்தது. "அங்க ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க ஐயா," என்றார் மீசைக்காரர்.

தடியை ஓங்கினார். அவள் அதைப் பார்க்கவில்லை. கம்பத்தின் உச்சியில், பாதி வாலில் புது இறகு ஒன்று முளைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி தோளில் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.